மாடு தின்றதில் எவ்வளவு உடம்பில் சேர்கிறது? சமிபாட்டை அளக்கும் வழிகள்

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்து நீர்வேலியில் மூன்று ஜேர்சி கலப்புப் பசுக்கள். வைக்கோல், கோ-3 புல், வேலியில் வெட்டும் சீமைக்கிளுவைக் குழை, தேங்காய்ப் பிண்ணாக்கு, தவிடு என்று போடுகிறீர்கள். வைக்கோலின் சமிபாடு 42 சதவீதம் என்று ஒரு கையேட்டில் பார்த்தீர்கள், 55 என்று இன்னொரு கட்டுரையில் பார்த்தீர்கள். எது சரி என்று கேட்கிறீர்கள். அதோடு, யூரியா சேர்த்துப் பதப்படுத்திய வைக்கோல் உண்மையிலேயே கூடுதலாகச் செமிக்கிறதா என்பதை, விவசாய பீடத்தில் படிக்கும் மகளின் உதவியோடு உங்கள் கொட்டிலிலேயே அளந்து பார்க்க முடியுமா என்பது இரண்டாவது கேள்வி.

முதல் கேள்விக்கு விடை: இரண்டும் சரியாக இருக்கலாம். சாணத்தில் வருவதெல்லாம் தின்றதில் செமிக்காமல் மிஞ்சியது அல்ல. குடலின் உட்சுவரிலிருந்து உதிர்ந்த கலங்கள், சமிபாட்டுச் சுரப்புகளின் மிச்சம், ஏராளமான பக்றீரியா என்று மாட்டின் சொந்தச் சரக்கும் அதோடு சேர்ந்துதான் வெளியே வருகிறது. சாணம் முழுவதையும் தின்றதிலிருந்து கழித்தால் கிடைப்பது தோற்றச் சமிபாடு. மாட்டின் சொந்தச் சரக்கை நீக்கிவிட்டு, தீவனத்தின் மிச்சத்தை மட்டும் கழித்தால் கிடைப்பது மெய்ச் சமிபாடு. உலர் பொருளை, அதாவது ஈரம் முழுவதும் போக மிஞ்சுவதை, பொறுத்தவரை இவ்விரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 12 அலகு வித்தியாசம் வரும். கையேட்டின் 42 உயிருள்ள மாட்டில் அளந்த தோற்ற எண்ணாகவும், கட்டுரையின் 55 ஆய்வுகூடக் குழாயில் பெற்ற மெய் எண்ணாகவும் இருந்தால், இரண்டும் ஒரே வைக்கோலைப் பற்றியே பேசுகின்றன. ஆகவே எந்தச் சமிபாட்டு எண்ணைப் பார்த்தாலும் அது எப்படி அளக்கப்பட்டது என்று தேடுங்கள். அது எழுதப்படாத அட்டவணையை நான் பயன்படுத்துவதில்லை.

இனி அளக்கும் வழிகள். எல்லாவற்றுக்கும் அடிப்படையானது, எல்லாரும் மற்ற முறைகளை ஒப்பிட்டுப் பார்ப்பது, முழுச் சாணத்தையும் சேகரித்து நிறுப்பது. தின்ற உலர் பொருளிலிருந்து சாணத்தின் உலர் பொருளைக் கழித்து, தின்றதால் வகுத்து, நூறால் பெருக்க வேண்டும். கணக்கு ஐந்தாம் வகுப்புக்குரியது, வேலைதான் முதுகை ஒடிக்கும்.

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். ஒரு பசுவுக்கு ஒரு நாளில் வைக்கோல் 5 கிலோ, கோ-3 புல் 15 கிலோ, சீமைக்கிளுவை 4 கிலோ, பிண்ணாக்கு ஒன்றரைக் கிலோ, தவிடு 1 கிலோ கொடுத்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வைக்கோல், பிண்ணாக்கு, தவிடு மூன்றிலும் உலர் பொருள் 90 சதவீதம், பச்சைப் புல்லில் 18, குழையில் 25 என்று எடுத்தால் வைக்கோலில் 4.5, புல்லில் 2.7, குழையில் 1, பிண்ணாக்கில் 1.35, தவிட்டில் 0.9. மொத்தம் 10.45 கிலோ உலர் பொருள். மறுநாள் காலையில் தொட்டியில் அரைக் கிலோ வைக்கோல் மிச்சம் கிடக்கிறது, அதில் உலர் பொருள் 0.45 கிலோ. ஆக மாடு தின்றது 10 கிலோ. இருபத்துநான்கு மணித்தியாலத்தில் விழுந்த சாணம் 24 கிலோ, அதில் உலர் பொருள் 18 சதவீதம் என்றால் 4.32 கிலோ. பத்திலிருந்து அதைக் கழித்தால் 5.68. சமிபாடு 56.8 சதவீதம்.

இப்போது பிழை எங்கே புகுகிறது என்று பாருங்கள். இரவில் இரண்டு கிலோ சாணம் வாய்க்காலுக்குள் போய்விட்டது, நீங்கள் கவனிக்கவில்லை. எண் 60.4 ஆகிவிடும். சாணத்தின் உலர் பொருளை 18க்குப் பதிலாக 16 என்று அளந்துவிட்டீர்கள். எண் 61.6. தொட்டியில் மிஞ்சியதை நிறுக்காமல் விட்டால் மாடு 10.45 கிலோ தின்றதாகக் கணக்காகி, எண் மறுபடியும் மேலேயே போகும். கவனக்குறைவால் வரும் பிழைகளில் பெரும்பாலானவை உங்கள் தீவனத்தை உள்ளதைவிட நல்லதாகக் காட்டுபவை. அதனால்தான் யாராவது மிக உயர்ந்த சமிபாட்டு எண்ணோடு வந்தால், இரவில் கொட்டிலில் யார் விழித்திருந்தார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

ஒரு நாள் அளந்தால் போதாது. மாடு இன்று தின்றது இன்றே வெளியே வருவதில்லை. வைக்கோல் போன்ற நார்த் தீவனம் பெருவயிற்றில், அதாவது நுண்ணுயிர்கள் நாரைச் சிதைக்கும் முதல் வயிற்றில், நாட்கணக்கில் கிடக்கும். தீவனத்தை மாற்றினால் பெருவயிற்று நுண்ணுயிர்களும் மாற வேண்டும். ஆகவே புதிய தீவனத்துக்குப் பழக 10 முதல் 14 நாள், அதன்பின் தொடர்ந்து 5 முதல் 7 நாள் சேகரிப்பு என்பது வழக்கம். ஆய்வு நிலையங்களில் இதற்கென்று கூண்டுகள் உண்டு, பின்புறம் கட்டும் பைகளும் உண்டு. பசுவில் இன்னொரு தொல்லை: சிறுநீரும் சாணமும் கிட்டத்தட்ட ஒரே இடத்திலிருந்து வருவதால் பிரிப்பது கடினம். ஆணில் அது எளிது. அதனால்தான் உலகில் உள்ள சமிபாட்டு எண்களில் பெரும்பங்கு காயடித்த செம்மறிக் கடாக்களிலிருந்து வந்தவை. சிறுநீர் கலந்தால் உலர் பொருள் கணக்கு அதிகம் கெடாது, புரதக் கணக்கு கெட்டுவிடும். சிறுநீரிலுள்ள நைதரசன் சாணத்தின் கணக்கில் ஏறிப் புரதச் சமிபாட்டைக் குறைத்துக் காட்டும்.

சீமெந்துத் தளம், ஒரு மண்வெட்டி, மூடியுள்ள பெரிய வாளிகள், 50 கிலோ நிறுக்கும் தராசு, முறை வைத்து விழித்திருக்க ஆட்கள் இருந்தால் இதை நீர்வேலியிலும் செய்யலாம். விழுந்தவுடன் அள்ள வேண்டும். ஒவ்வொரு நாளும் நிறுத்த பின் நன்றாகக் கிளறி, நூறில் ஐந்து பங்கு எடுத்து உறைநிலையில் வைத்து, கடைசியில் எல்லா நாள் மாதிரியையும் ஒன்றாகக் கலந்து ஆய்வுகூடத்துக்குக் கொடுக்கலாம்.

உலர் பொருளை அளப்பதில் ஒரு சொல். ஆய்வுகூடத்தில் சூளையில் வைத்து உலர்த்துவார்கள். வெயிலில் காயப் போட்டால் எவ்வளவு காய்ந்தாலும் பத்துச் சதவீதம் அளவுக்கு ஈரம் மிஞ்சும். அதோடு சோளகக் காற்றடிக்கும் மாதங்களில் வலிகாமத்துச் செம்புழுதி மாதிரியின்மேல் படிந்துவிடும். மைக்ரோவேவ் அடுப்பில் நூறு கிராம் மாதிரியோடு ஒரு குவளைத் தண்ணீரும் வைத்து, சிறிது சிறிதாகச் சூடாக்கி, நிறை மாறாமல் நிற்கும் வரை திரும்பத் திரும்ப நிறுப்பது நல்ல வழி. புல்லுக்கும் குழைக்கும் இது அருமையாக வேலை செய்கிறது. சாணத்துக்கும் செய்யலாம், ஆனால் சமையலறை அடுப்பில் செய்துவிட்டு வீட்டில் வரும் சண்டைக்கு என்னைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள்.

முழுச் சேகரிப்பு இயலாதபோது கைகொடுப்பது குறிகாட்டி முறை. செமிக்காத, உறிஞ்சப்படாத ஒரு பொருள் தீவனத்தில் இருந்தால், மற்றவை செமித்துக் குறையக் குறையச் சாணத்தில் அதன் செறிவு ஏறும். எவ்வளவு ஏறியது என்பதைப் பார்த்துச் சமிபாட்டைச் சொல்லிவிடலாம். தின்றதையும் நிறுக்க வேண்டாம், சாணத்தையும் நிறுக்க வேண்டாம். தீவனத்திலுள்ள குறிகாட்டியின் சதவீதத்தைச் சாணத்திலுள்ள சதவீதத்தால் வகுத்து, ஒன்றிலிருந்து கழித்தால் போதும்.

உங்களுக்கு நான் பரிந்துரைப்பது அமிலத்தில் கரையாத சாம்பல். பெரும்பாலும் சிலிக்கா. நெல் வைக்கோலில் அது தாராளமாக இருப்பதால் நம் ஊர்த் தீவனத்துக்கு இந்த முறை நன்றாகப் பொருந்தும். மாதிரியை எரித்துச் சாம்பலாக்கி, ஐதரோகுளோரிக் அமிலத்தில் கொதிக்கவைத்து, சாம்பல் விடாத வடிதாளில் வடித்து, தாளோடு மறுபடி எரித்து நிறுப்பார்கள். 1977இல் வான் கியூலன், யங் இருவரும் ஒழுங்குபடுத்திக் கொடுத்த முறை இன்றும் அப்படியே வழக்கில் இருக்கிறது. எரியுலை, நுண்தராசு, அமிலம் இவ்வளவும் இருந்தால் ஒரு மாணவி தனியாகச் செய்து முடிக்கலாம். முன்பு சொன்ன பசுவின் தீவனக் கலவையில் அது 5.2 சதவீதமும் சாணத்தில் 12 சதவீதமும் இருந்தால், 5.2ஐ 12ஆல் வகுத்தால் 0.433. சமிபாடு 56.7. முழுச் சேகரிப்பில் வந்த எண்ணும் கிட்டத்தட்ட அதுவே.

ஆனால் மண்ணும் சிலிக்காதான். இந்த முறையின் உயிரும் அங்கே இருக்கிறது, சாவும் அங்கே இருக்கிறது. சாணத்தை மண் தரையிலிருந்து அள்ளி, ஒட்டிய மண்ணால் 12 சதவீதம் 14 ஆகிவிட்டால் சமிபாடு ஒரேயடியாக 62.9க்கு ஏறிவிடும். மாடு வெளியே கட்டப்பட்டு மேயும்போது புல்லோடு விழுங்கும் மண் உங்கள் தீவன மாதிரியில் இருக்காது, சாணத்தில் இருக்கும். அப்போதும் எண் ஏறும். மாறாக, வேரோடு பிடுங்கிய புல்லை மாதிரிக்கு எடுத்து, மாடு மேற்பகுதியை மட்டும் தின்றுவிட்டு மண் படிந்த அடியை ஒதுக்கினால் எண் இறங்கும். ஆகவே இந்த முறையைக் கையாளும் நாட்களில் மாட்டைக் கொட்டிலைவிட்டு அவிழ்க்காதீர்கள். குழையை நிலத்தில் போடாமல் தொட்டியில் போடுங்கள். சாணத்தை விழும்போதே ஏந்துங்கள், அல்லது விழுந்த குவியலின் மேற்பகுதியிலிருந்து மட்டும் எடுங்கள். தொட்டி மிச்சத்தையும் தனியாகச் சோதிக்க வேண்டும், ஏனென்றால் மாடு தண்டை விட்டு இலையைத் தின்னும். நீங்கள் போட்டது ஒன்று, அது தின்றது வேறொன்று.

சாணத்தில் குறிகாட்டியின் செறிவு நாள் முழுவதும் ஒரே அளவில் இருக்காது. பிண்ணாக்குத் தண்ணீர் வைத்த சில மணி நேரத்துக்குப் பின் வருவதும் விடியற்காலையில் வருவதும் வேறுபடும். முதல் நாள் காலை 6, பிற்பகல் 2, இரவு 10 மணிக்கு மாதிரி எடுங்கள். அடுத்த நாள் ஒவ்வொன்றையும் இரண்டு மணி நேரம் பின்தள்ளி 8, 4, 12 என்று எடுங்கள். இப்படியே நான்கு நாள் போனால் 24 மணி நேரத்தில் இரண்டு மணிக்கு ஒரு மாதிரி என்று பன்னிரண்டு மாதிரி சேர்ந்துவிடும். அவற்றைச் சம அளவில் கலந்து ஒரே மாதிரியாக்கிவிட்டால் ஆய்வுகூடச் செலவும் குறையும்.

வேறு குறிகாட்டிகளும் இருக்கின்றன. தண்டுக்கு விறைப்புத் தரும் இலிக்னின் செமிக்காது என்று சொன்னாலும், இளம் புல்லில் அதன் ஒரு பகுதி வழியில் காணாமல் போய்விடுகிறது. சாணத்தில் முழுதாகக் கிடைப்பதில்லை. பெருவயிற்றில் 288 மணித்தியாலம், அதாவது பன்னிரண்டு நாள், நைலோன் பைக்குள் கிடந்தும் கரையாத நாரைக் குறிகாட்டியாக எடுப்பது நம்பகமானது, ஆனால் அதற்கு, பெருவயிற்றுக்குள் கைவிடும்படி ஆய்வுக்கென விலாவில் துளையிட்ட மாடு வேண்டும். குரோமியம் ஒக்சைட்டை மாட்டுக்கு ஊட்டிச் சாணத்தில் அளப்பது நீண்டகாலம் நடந்த முறை. குரோமியத்தைக் கையாளும் ஆட்களின் உடல்நலம் பற்றிய அச்சத்தால் பலர் தைட்டானியம் ஈரொக்சைட்டுக்கு மாறினார்கள். பால் விற்கும் கொட்டிலில் இரண்டும் வேண்டாம். தீவகத்து வெளிகளில் அவிழ்த்துவிட்டு மேயும் மாடுகள் என்ன தின்கின்றன, எவ்வளவு செமிக்கிறது என்று ஆராய வேண்டுமானால் புல்லின் மெழுகிலுள்ள அல்கேன்களை அளக்கும் முறை இருக்கிறது. அது வாயு நிறப்பதிவுக் கருவி உள்ள ஆய்வுகூடத்தின் வேலை, கட்டி வளர்க்கும் உங்களுக்குத் தேவையில்லை.

மாட்டைத் தொடாமல் குழாய்க்குள் செய்யும் முறைகளுக்கு வருவோம். மகளின் பாடப் புத்தகத்தில் இவைதான் அதிகம் இருக்கும். 1963இல் இங்கிலாந்தில் டில்லியும் டெரியும் அமைத்த ஈரடுக்கு முறை இவற்றின் தாய். அரைத்த தீவனத்தைப் பெருவயிற்று நீரோடும், உமிழ்நீருக்குப் பதிலான உப்புக் கரைசலோடும் காற்றுப் புகாமல் 48 மணித்தியாலம் வைத்து, பின்பு அமிலமும் புரதத்தைச் செமிக்கவைக்கும் பெப்சினும் சேர்த்து இன்னொரு 48 மணித்தியாலம் வைப்பார்கள். முதல் கட்டம் பெருவயிறு, இரண்டாவது கட்டம் அதற்குப் பிந்திய வயிறு. இதில் வரும் எண் தோற்றச் சமிபாட்டுக்கு நெருக்கமானது. அந்த இரண்டாம் கட்டத்துக்குப் பதிலாக நடுநிலைச் சவர்க்காரக் கரைசலில் கொதிக்கவைத்துக் கழுவினால் பக்றீரியாவின் எச்சமும் கரைந்து போய், மெய்ச் சமிபாடு கிடைக்கும். நீங்கள் பார்த்த 55 இங்கேயிருந்து வந்திருக்கும் என்றே எண்ணுகிறேன்.

ஜேர்மனியின் ஹோஹென்ஹைம் பல்கலைக்கழகத்தில் மென்கே குழுவினர் 1979இல் வெளியிட்ட வாயு முறையும் பரவலானது. 200 மில்லிகிராம் தீவனத்தைக் கண்ணாடிச் சிரிஞ்சில் இட்டு, பெருவயிற்று நீர்க் கலவை 30 மில்லிலீற்றர் சேர்த்து, 39 பாகையில் 24 மணித்தியாலம் வைத்தால், நுண்ணுயிர்கள் வெளிவிடும் வாயு சிரிஞ்சின் தண்டை வெளியே தள்ளும். எவ்வளவு தள்ளியது என்பதிலிருந்து சமிபாட்டைக் கணிக்கிறார்கள். மலிவானது, ஒரே நாளில் பல தீவனங்களைப் பார்க்கலாம். ஆனால் கொழுப்பு செமித்தாலும் வாயு வராது, புரதம் செமித்தால் வாயு குறைவாகவே வரும். எண்ணெய் மிஞ்சிய தேங்காய்ப் பிண்ணாக்கை இந்த முறை குறைவாகவே மதிப்பிடும். வைக்கோலுக்கும் புல்லுக்கும் அதை நம்பலாம், பிண்ணாக்குக்கு நம்ப வேண்டாம்.

ஈரடுக்கு முறைக்கும் வாயு முறைக்கும் பெருவயிற்று நீர் வேண்டும். துளையிட்ட மாடு இல்லாத இடங்களில் அறுப்புத் தொழுவத்தில் காலையில் அறுத்த மாட்டின் பெருவயிற்றிலிருந்து எடுத்து, வெந்நீர்க் குடுவையில் சூடு ஆறாமல் கொண்டுவருவார்கள். அந்த மாடு கடைசியாக என்ன தின்றது, எத்தனை மணி நேரம் பட்டினி கிடந்தது என்பது யாருக்கும் தெரியாது. அதனால் ஒவ்வொரு முறையும் சமிபாடு ஏற்கெனவே தெரிந்த ஒரு தீவனத்தையும் கூடவே வைத்துச் சரிபார்க்க வேண்டும். அப்படி வைக்காத முடிவுகளை ஒரு தொகுதியோடு இன்னொரு தொகுதி ஒப்பிடவே கூடாது. சாணத்தைக் கரைத்து வடித்து அதையே நுண்ணுயிர் மூலமாகப் பயன்படுத்திய ஆய்வுகளும் உண்டு. மகளுக்கு ஆர்வம் இருந்தால் அது நல்ல சிறு ஆய்வாக இருக்கும்.

அடுத்தது நைலோன் பை முறை. தீவனத்தை நுண்துளைப் பையில் கட்டி, துளையிட்ட மாட்டின் பெருவயிற்றில் தொங்கவிட்டு, 4, 8, 24, 48, 72 மணி நேரங்களில் ஒவ்வொன்றாக எடுத்துக் கழுவி நிறுப்பார்கள். 1979இல் ஸ்கொட்லாந்தில் எர்ஸ்கோவும் மக்டொனால்டும் இதற்கான சமன்பாட்டைக் கொடுத்தார்கள்: உடனே கரையும் பங்கு, மெதுவாகச் சிதையும் பங்கு, சிதையும் வேகம். எனக்குப் பிடித்த முறை இது, ஏனென்றால் எவ்வளவு என்பதோடு எவ்வளவு நேரத்தில் என்பதையும் சொல்கிறது. வைக்கோலில் பிரச்சினை பாதி இந்த வேகத்தில்தான் இருக்கிறது. மெதுவாகச் சிதைவதால் வயிறு நிறைந்தே கிடக்கிறது, மாடு மேற்கொண்டு தின்ன முடிவதில்லை. ஆனால் இந்த முறை அளப்பது பெருவயிற்றில் நடப்பதை மட்டும். முழு மாட்டின் சமிபாடு என்று இதை மேற்கோள் காட்டுவது தவறு. மேலும், பையின் துளை வழியாக நழுவிய தூளும் செமித்ததாகவே கணக்காகிவிடும். தவிட்டுக்கு இது பெரிய பிழை.

ஆய்வுகூட அறிக்கையில் நாரின் அளவைப் பார்த்து, 88.9இலிருந்து அமில நாரின் (அமிலச் சவர்க்காரக் கரைசலில் கரையாமல் மிஞ்சும் நாரின்) சதவீதத்தில் 0.779 மடங்கைக் கழித்தால் சமிபாடு கிடைக்கும் என்ற சூத்திரத்தை நீங்கள் எங்காவது பார்ப்பீர்கள். அமில நார் 50 சதவீதம் உள்ள வைக்கோலுக்கு அது 50 என்று விடை தரும். அந்தச் சூத்திரம் குதிரைமசாலுக்கும் குளிர்நாட்டுப் புல்லுக்கும் பிறந்தது. சிலிக்கா நிறைந்த நெல் வைக்கோலையும், தனின் என்ற துவர்ப்புப் பொருள் உள்ள மர இலைகளையும் அது கண்டதில்லை. ஒளிக்கதிரால் ஒரு நிமிடத்தில் சோதிக்கும் கருவிகளும் அப்படித்தான். எந்த ஊர்த் தீவனத்தை வைத்து அவற்றுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார்களோ அந்த ஊர்த் தீவனத்துக்கே அவை சரியாக விடை சொல்லும். பூவரசங் குழையையும் சீமைக்கிளுவையையும் கற்காத கருவி அவற்றுக்கும் ஓர் எண்ணைத் தயங்காமல் அச்சிட்டுத் தரும்.

சாணத்து நைதரசனிலிருந்து சமிபாட்டைக் கணிக்கும் சமன்பாடுகளும் குழை தின்னும் மாட்டில் தடுமாறும். தனின் புரதத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே வெளியேறுவதால் சாணத்தில் நைதரசன் ஏறும். சமன்பாடு அதைப் பார்த்துத் தீவனம் நன்றாகச் செமித்தது என்று நினைத்துக்கொள்ளும். சாணத்து மாப்பொருளை அளந்து, அதன் சதவீதத்தை 1.25ஆல் பெருக்கி நூறிலிருந்து கழிக்கும் எளிய கணக்கு சோளம் நிறையத் தின்னும் மேல்நாட்டுப் பண்ணைகளுக்கு அழகாகப் பொருந்துகிறது. வைக்கோல் தின்னும் மாட்டில் அதற்கு வேலையில்லை. சாணத்தை அரிதட்டில் கழுவிப் பார்ப்பது, இறுக்கத்துக்குப் புள்ளி போடுவது எல்லாம் இன்றைக்கு ஏதோ மாறியிருக்கிறது என்று எச்சரிக்கும், எண் தராது. சாணம் அழகாக அடுக்கடுக்காக விழுகிறது என்பதற்காகத் தீவனம் நன்றாகச் செமிக்கிறது என்று அர்த்தமில்லை. இறுகிய சாணம் பெரும்பாலும் நாரும் தண்ணீர்க் குறைவும்தான்.

இவ்வளவு முறைகளும் இருந்தும், வைக்கோலுக்கு என்று தனியாக ஓர் எண் கிடையாது என்பதுதான் உங்களை ஏமாற்றக்கூடும். வைக்கோலில் புரதம் நான்கு சதவீதம் அளவுதான். முழுத் தீவனத்தில் புரதம் ஏழு சதவீதத்துக்குக் கீழே போனால் பெருவயிற்று நுண்ணுயிர்கள் நைதரசன் இல்லாமல் சோர்ந்துவிடும், நார் சிதைவதும் குறையும். அதே வைக்கோலோடு ஐந்து கிலோ சீமைக்கிளுவை சேர்த்தால் வைக்கோலே கூடுதலாகச் செமிக்கும். மறுபுறம் மாப்பொருள் நிறைந்த தீவனத்தைக் கொட்டினால் பெருவயிறு புளித்து நார்ச் சமிபாடு விழும். தின்னும் அளவு கூடினாலும் தீவனம் வேகமாகக் கடந்து போவதால் சமிபாடு சற்றுக் குறையும். பால் வற்றிய மாட்டில் அளந்த எண் கறக்கும் மாட்டுக்கு அப்படியே பொருந்தாது.

சீமைக்கிளுவை போன்றதை மட்டும் தனியே கொடுத்து அளக்க முடியாது என்பதால், அடிப்படைத் தீவனத்தை ஒருமுறையும் அதோடு குழை சேர்த்து ஒருமுறையும் அளந்து, வித்தியாசத்திலிருந்து குழையின் எண்ணைப் பெறுவார்கள். அடிப்படை 50 சதவீதம், குழை கால்பங்கு சேர்ந்த கலவை 53 என்றால், 53இலிருந்து 37.5ஐக் கழித்து 0.25ஆல் வகுக்க, குழையின் சமிபாடு 62. கலவையை அளந்ததில் ஒரே ஓர் அலகு தவறி 54 என்று வந்திருந்தால் விடை 66. ஒரு அலகுப் பிழை நான்காகப் பெருகிவிட்டது. குழைகளுக்கு வெளியாகும் எண்கள் ஒன்றுக்கொன்று இவ்வளவு வேறுபடுவதற்கு இது ஒரு காரணம்.

ஆகவே உங்கள் கொட்டிலில் ஒப்பீட்டைத் தேடுங்கள், எண்ணைத் தேட வேண்டாம். யூரியா வைக்கோல் பற்றிய கேள்வி அதற்கு மிகப் பொருத்தமானது. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவைத் தண்ணீரில் முழுதாகக் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து, பொலித்தீனால் காற்றுப் புகாமல் மூடி இரண்டு, மூன்று வாரம் வையுங்கள். கொடுப்பதற்கு முன் கொஞ்ச நேரம் பரப்பி அமோனியா வாடையைப் போகவிடுங்கள். கரையாத யூரியாக் கட்டி மாட்டைக் கொல்லும். சின்னக் கன்றுகளுக்கு இந்த வைக்கோலே வேண்டாம்.

இரண்டு பசுக்களை எடுங்கள், கறவை நிலையில் நெருங்கியவையாக இருக்கட்டும். முதல் சுற்றில் ஒன்றுக்குச் சாதாரண வைக்கோல், மற்றதற்குப் பதப்படுத்தியது. மற்றத் தீவனமெல்லாம் இரண்டுக்கும் ஒரே அளவு, ஒரே நேரம். இரண்டு வாரம் பழக்கி, நான்கு நாள் மேலே சொன்ன நேரங்களில் சாண மாதிரி எடுங்கள். பிறகு வைக்கோலை மாற்றிப் போட்டு அதையே திரும்பச் செய்யுங்கள். ஒவ்வொரு பசுவையும் அதனோடேயே ஒப்பிடுங்கள், ஒன்றோடு மற்றதை ஒப்பிட வேண்டாம். மாடுகளுக்கிடையே இயல்பாக உள்ள வித்தியாசமே நீங்கள் தேடும் வித்தியாசத்தை விழுங்கிவிடும் அளவுக்குப் பெரியது. இரண்டு பசுக்களை வைத்து ஆய்வுக் கட்டுரை எழுத முடியாது. யூரியா வாங்கலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கப் போதும்.

மறக்காமல் வைக்கோலை மட்டும் தனித் தொட்டியில் போட்டு, தின்றதையும் மிஞ்சியதையும் தினமும் நிறுங்கள். சமிபாட்டை விட அதிகம் சொல்லப்போவது இதுதான். சாதாரண வைக்கோலில் 4 கிலோ தின்று 42 சதவீதம் செமித்தால் உடம்புக்குச் சேர்வது 1.68 கிலோ. பதப்படுத்தியதில் 5 கிலோ தின்று 50 சதவீதம் செமித்தால் 2.5 கிலோ. சமிபாடு எட்டு அலகுதான் ஏறியது, மாட்டுக்குக் கிடைத்ததோ ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. இவை நான் போட்ட எடுத்துக்காட்டு எண்கள், உங்கள் கொட்டிலின் எண்கள் வேறாக இருக்கும். ஆனால் பதப்படுத்திய வைக்கோலில் தின்னும் அளவு கூடுவதுதான் பெரும்பாலும் பெரிய பலன். அதை அளக்க ஆய்வுகூடமே வேண்டாம்.

புரதச் சமிபாட்டை மகள் அளக்க விரும்பினால் ஒரு பொறி இருக்கிறது. யூரியாவின் நைதரசன் அமோனியாவாகி இரத்தத்தில் ஏறி, நுண்ணுயிருக்குப் பயன்படாத பங்கு சிறுநீரில் போய்விடும். சாணத்தில் வராததால் கணக்கில் அது செமித்த புரதமாகத் தெரியும். பதப்படுத்திய வைக்கோலின் புரதச் சமிபாடு வியக்கத்தக்க அளவு ஏறினால் அதைக் கொண்டாட வேண்டாம். உலர் பொருளும் நாரும் எவ்வளவு செமித்தன என்று மட்டும் பாருங்கள்.

மாசியில் காலபோக அறுவடை முடிந்து புது வைக்கோல் வந்தபின் தொடங்குவது நல்லது. இரண்டு சுற்றுக்கும் போதுமான அளவை ஒரே வயலிலிருந்து, ஒரே நெல்லினத்திலிருந்து வாங்கி, மழை படாத இடத்தில் போராக வைத்துவிடுங்கள். மாதிரிப் பைகளில் பசுவின் அடையாளம், திகதி, நேரம், எந்த வைக்கோல் என்பவற்றைப் பென்சிலால் எழுதிய அட்டையைப் போடுங்கள். பேனா மை உறைபெட்டியில் கரைந்துவிடும். ஆய்வுகூடத்தில் கொடுக்கும்போது உலர் பொருள், மொத்தச் சாம்பல், அமிலத்தில் கரையாத சாம்பல், நடுநிலைச் சவர்க்கார நார் ஆகிய நான்கையும் கேளுங்கள். தீவனம், தொட்டி மிச்சம், சாணம் மூன்றையும் ஒரே நாளில், ஒரே ஆள் சோதிக்கட்டும்.